காபெற் வீதியில் மொறிஸ் மைனர்: சின்னக் காருக்கு இன்றும் இடமுண்டா?

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் இங்குள்ள பழைய கார்களைக் கண்டு வியப்பதுண்டு. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் சோமர்செட், கேம்பிரிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று வேறு நாடுகளில் ஆர்வலர்கள் மூடி வைத்துப் பாதுகாக்கும் வண்டிகள், இங்கே கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகின்றன. படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களுக்கு அது ஓர் அழகு. வைத்திருக்கும் குடும்பத்துக்கோ அது அப்பா உழைத்து வாங்கியது. இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் மிஞ்சியது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் 'வித்துப்போடாதேங்கோ' என்று சொல்லிவைத்தது.

ஆனால் கார் அப்படியே இருக்க, வீதி மாறிவிட்டது. குண்டும் குழியுமாக இருந்த பாதைகள் காபெற் வீதிகளாகியுள்ளன. பின்னால் ரிப்பரும் சொகுசு பஸ்ஸும் ஹோர்ன் அடிக்கின்றன. எதிரே பிராடோக்களும் இரட்டைக் கபின் பிக்கப்புகளும் வருகின்றன. அவற்றுக்கு நடுவே எழுபது வயதான ஒரு சின்னக் காருக்கு உண்மையில் என்ன ஆபத்து, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. போர்க்காலத்தில் இந்தக் காரைக் காப்பாற்றிய எளிமைதான் இன்றைய வீதியில் அதன் பலவீனமும் ஆகிவிட்டது. உரிமையாளர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது என்பதும் இங்கிருந்தே விளங்கும்.

அகலமாக்கப்பட்ட ஒரு சின்னக் கார்

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர், பின்னர் 'மினி' காரையும் உருவாக்கிய அலெக் இசிகோனிஸ். சாதாரண உழைப்பாளி வாங்கக்கூடிய விலையில், நன்றாகத் திரும்பி ஓடும் சிறிய கார் என்பதே அவரது நோக்கம். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரும் இதுவே.

இதன் பொனற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு மேட்டுப் பட்டி ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று கருதிய இசிகோனிஸ் மாதிரி வண்டியை நடுவால் வெட்டி, 4 அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த அகலமே நிலைத்தது. அந்தக் கூடுதல் அகலத்தை நிரப்ப வந்ததுதான் இந்தப் பட்டி. அவ்வாறு அகலமாக்கிய பிறகும் காரின் அகலம் ஏறத்தாழ 1.55 மீற்றர்தான். நீளம் 3.76 மீற்றர். எடை 780 கிலோவுக்குள்.

எங்கள் பகுதியிலுள்ள பல கார்களின் இலக்கத்தகடே ஒரு வரலாறு. ஆங்கில எழுத்துகளோடு 'ஈ.எல்.', 'ஈ.என்.', 'ஈ.வை.' என்று தொடங்குபவை, சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத்தகட்டுக்கு வருவதற்கு முந்தியவை. 1958இல் தமிழர் பகுதிகளில் நடந்த ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தையும், அதே ஆண்டின் இனக்கலவரத்தையும், அதன்பின் வந்த எல்லாவற்றையும் அந்தத் தகடுகள் கடந்து வந்திருக்கின்றன.

தடைக்காலத்தில் இது ஏன் ஓடியது?

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது வடக்குக்கான எரிபொருள் நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1990களின் நடுப்பகுதி வரையும், வன்னியில் 2002 வரையும் மக்கள் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தார்கள். பெற்றோல் மருந்துபோல் அளந்து பாவிக்கப்பட்டது. அப்போது கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை ஒரு தலைமுறை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது எப்படிச் சாத்தியமானது?

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. அதனால் முதலில் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ராட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மைனரின் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும், புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கின்றன. புகைக்குழாயின் சூடு எரிபொருளை ஆவியாக்க உதவும். அழுத்த விகிதம் குறைவு என்பதால், தரம் குறைந்த எரிபொருளையும் இந்த இயந்திரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பற்றறி கிடைக்காவிட்டால் முன்புறத் துவாரத்தில் ஹான்டிலைப் போட்டுச் சுழற்றி ஸ்ராட் செய்யலாம். கணினியோ மின்னணுச் சாதனமோ எதுவும் இல்லை. பிளக், பொயின்ற், காபரேற்றர் மூன்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தால் போதும்.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக் கரி பிடிக்கும். புகை கண்ணை எரிக்கும். ஆனாலும் கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க அந்த வண்டிகள் வேண்டியிருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழிப் பாதையில் நடந்தவர்களோடும் சைக்கிள்களோடும் உழவு இயந்திரங்களோடும் இந்தக் கார்களும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. அன்று எல்லோருக்கும் ஒரே வேகம்தான்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயாரின் முயற்சியோடு, 1990களில் தென்னிலங்கையில் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின. அதே ஆண்டுகளில் வடக்கிலிருந்த மெக்கானிக்குகள் பழைய ரியூப்பை வெட்டியும் தகரத்தைத் தட்டியும்தான் இவற்றை ஓடவைத்தார்கள்.

வீதி மாறிய விதம்

2009க்குப் பின் ஏ9 வீதி முழுமையாகத் திறக்கப்பட்டு, புதிதாகப் போடப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. உள்வீதிகளும் காபெற்றாகின. இவை மக்கள் காத்திருந்த மாற்றங்கள். அவற்றைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் வீதி மழமழப்பானதும் வேகம் கூடியது. பல இடங்களில் அகலம் அப்படியே இருந்தது. அதே காலத்தில் வாகனங்கள் பருத்தன.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஐரோப்பாவில் புதிய கார்களின் சராசரி அகலம் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் கூடிவருவதாகவும், 2018இல் 177.8 சென்ரிமீற்றராக இருந்தது 2023இன் முற்பாதியில் 180.3 ஆனதாகவும் 'போக்குவரத்தும் சுற்றுச்சூழலும்' என்ற அமைப்பு கணித்துள்ளது. எங்கள் வீதிகளில் ஓடும் 150 வரிசைப் பிராடோவின் அகலம் 1.885 மீற்றர். மைனரைவிட ஓர் அடிக்கு மேல் கூடுதல்.

5 மீற்றர் அகலமுள்ள ஒரு கிராமத்து வீதியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மைனர்கள் எதிரெதிரே வந்தால் 1.9 மீற்றர் மிஞ்சும். இரண்டு பிராடோக்கள் வந்தால் 1.2 மீற்றர். இரண்டரை மீற்றர் அகலமான ஒரு பஸ்ஸும் ஒரு பிராடோவும் சந்தித்தால் மிஞ்சுவது 60 சென்ரிமீற்றர். பள்ளிக்கூடம் விட்டு வரும் சைக்கிள் பிள்ளை அந்த 60 சென்ரிமீற்றருக்குள்தான் போக வேண்டும். காபெற் போட்டதால் வீதி உயர்ந்து, ஓரம் பள்ளமாகிப்போன இடங்களில் அதுவும் இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி 1ஆம் திகதி நீக்கப்பட்டது. ஆகவே இந்த நெருக்கம் இனியும் கூடும் என்றே எதிர்பார்க்கலாம்.

மோதினால் என்ன நடக்கும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 775 கிலோ எடையுள்ள மைனரும், 2,500 கிலோ எடையுள்ள ஒரு பெரிய ஜீப்பும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன என வைப்போம். இரண்டும் ஒட்டிக்கொண்டால், ஜீப் வந்த திசையிலேயே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். அதாவது ஜீப்பில் இருப்பவரின் வேகம் கண நேரத்தில் 24 கிலோமீற்றரால் மாறுகிறது. மைனரில் இருப்பவர் முன்னோக்கி 50இல் போய்க்கொண்டிருந்தவர், பின்னோக்கி 26இல் தள்ளப்படுகிறார். அவருக்கு மாற்றம் 76 கிலோமீற்றர். உடலை உடைப்பது இந்தத் திடீர் மாற்றமே. 'பழைய காரின் தகரம் தடிப்பு, ஒன்றும் ஆகாது' என்று சொல்வதில் பொருளில்லை. தகரம் மடங்காவிட்டால் அதிர்ச்சி நேரே உள்ளே இருப்பவருக்குப் போகும்.

மைனரின் ஸ்ரேறிங் தண்டு மடங்காத இரும்பு. முன்பக்கம் நசுங்கினால் அது சாரதியின் நெஞ்சை நோக்கி வரலாம். தலைசாய்ப்பான் இல்லை, பின்னால் இடித்தால் கழுத்து ஒடிபடும். பெற்றோல் தாங்கி பின்புறப் பெட்டியின் அடியில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் 'கேய்' வகைக் கார்களின் அகலம் சட்டப்படி 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது. அந்த வகையில் எங்கள் வீதிகளில் நிறைய ஓடும் வாகன்-ஆர் மைனரைவிட ஒடுங்கலானது. எடையும் ஏறத்தாழ அதேதான். ஆனால் அதில் முன்பகுதி திட்டமிட்டு மடங்கும், ஆட்கள் இருக்கும் பகுதி உறுதியாக நிற்கும், காற்றுப் பை விரியும். ஆகவே சிறிதாக இருப்பது குற்றமல்ல. பழைய கார் சிறிதாகவும் இருந்து, பாதுகாப்பு அறிவு வளர்வதற்கு முன்பே செய்யப்பட்டதாகவும் இருப்பதுதான் சிக்கல். எடை குறைவு என்ற பாதகம் மட்டும் வாகன்-ஆருக்கும் உண்டு.

மோதாமல் இருக்க: உரிமையாளர் செய்யக்கூடியவை

மோதலில் இந்தக் கார் தாங்காது என்று தெரிந்த பிறகு, மோதலைத் தவிர்ப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

முதலாவது பிரேக். நான்கு சில்லுக்கும் ட்ரம் பிரேக்தான். எல்லாம் ஒரே குழாய்த் தொகுதியில் ஓடுகின்றன. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். அப்போது கைப்பிரேக் மட்டுமே கை கொடுக்கும்; அதைப் பெயருக்கு வைத்திருக்கக் கூடாது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வசதியிருந்தால் முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும், இரட்டைத் தொகுதி மாஸ்ரர் சிலிண்டரும் பொருத்தலாம்.

இரண்டாவது இடைவெளி. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகிறீர்கள். முன்னால் போகும் புதிய வாகனம் உங்களைவிடக் குறுகிய தூரத்தில் நிற்கும். ஆகவே குறைந்தது மூன்று செக்கன், அதாவது 50 மீற்றர் விட வேண்டும். மழையில் இன்னும் கூட. அந்த இடைவெளிக்குள் ஒருவர் புகுந்தால் கோபப்படாமல் மீண்டும் பின்வாங்குங்கள்.

மூன்றாவது மற்றவர் கண்ணில் படுவது. 1961க்கு முந்திய மைனர்களில் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டிதான் சமிக்ஞை. இன்றைய சாரதிகள் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. அதை அழகுக்காக வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மஞ்சள் சிமிட்டும் விளக்குப் பூட்டுங்கள். பின்கண்ணாடியில் உயரமாக ஒரு பிரேக் லைற் பூட்டினால் பஸ் சாரதிக்கும் தெரியும். பகலிலும் விளக்கை எரியவிட விரும்பினால் பழைய டைனமோ போதாது, ஒல்ரநேற்றர் தேவைப்படும். ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்தக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் புதிய எல்ஈடி விளக்கையோ போன் சார்ச்சரையோ பொருத்தினால் எரிந்துபோகும்.

நான்காவது லொறிகளின் குருட்டுப் புள்ளி. உயரமான வாகனத்தின் சாரதிக்குத் தன் மூக்குக்கு முன்னாலும் இடப்பக்கத்திலும் இருக்கும் தாழ்ந்த கார் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரிவதில்லை. ரிப்பரை இடப்பக்கத்தால் முந்தவே கூடாது.

ஐந்தாவது இருக்கைப் பட்டி. மைனரின் முன் இருக்கைகள் முன்னோக்கிக் கவிழக்கூடியவை. பட்டி இல்லாவிட்டால் சடுதியாகப் பிரேக் போட்டாலே ஆள் கண்ணாடிக்குப் போவார். மூன்று புள்ளிப் பட்டி பொருத்தலாம். ஆனால் கறள் பிடித்த தரையில் ஆணி முடுக்கிப் பயனில்லை. தடித்த தகடு வைத்து உறுதிப்படுத்திய பிறகே பூட்ட வேண்டும். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிச் செல்லும் காருக்கும் இது பொருந்தும்.

ஆறாவது, நேரமும் பாதையும். இரவில் உயரத்திலிருந்து அடிக்கும் வெள்ளை விளக்குகள் நேரே உங்கள் கண்ணுக்கும் பின்பார்க்கும் கண்ணாடிக்கும் வரும். முடிந்தவரை பகலில் ஓடுங்கள். ஏ9இல் நீண்ட பயணத்துக்கு இந்தக் காரை எடுக்க வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று யோசியுங்கள். ஊருக்குள் இன்றும் இதற்கு இணை இல்லை. ஏறத்தாழ 10 மீற்றர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். இருபக்கமும் மதில் எழுந்த ஒழுங்கைக்குள் பெரிய ஜீப் பின்னுக்கு எடுக்கத் தடுமாறும்போது மைனர் போய் வந்துவிடும். 2022இல் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான் என்றபோதும், ஊருக்குள் ஓடும் சின்னக் கார்க்காரருக்கு அது பெரும்பாலும் போதுமாக இருந்தது.

மற்றவர்கள் செய்ய வேண்டியவை

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் செய்தாலும், எதிரே வருபவர் 90இல் வந்து வளைவில் முந்தினால் ஒன்றும் பலிக்காது. வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். அதைக் குறைக்கும் ஆற்றல் பெரிய வாகனத்தை ஓட்டுபவரிடமே அதிகம் இருக்கிறது.

பருத்த வாகனத்தால் முதலில் பாதிக்கப்படுவது பழைய கார்க்காரரும் அல்ல. பொனற்றின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் பாதசாரியை மோதும்போது, தாழ்ந்து சரிந்த முன்பகுதி கொண்டவற்றைவிட உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் கூடுதல் என அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காரணம் எளிது. தாழ்ந்த கார் காலில் அடித்து ஆளைப் பொனற்றின்மேல் விழுத்தும். உயர்ந்தது நெஞ்சிலோ, சிறுபிள்ளையாயின் தலையிலோ அடித்து நிலத்தில் வீழ்த்தும். போரில் காலை இழந்து ஊன்றுகோலோடு வீதியைக் கடப்பவர், காது மந்தமான முதியவர், ஆட்டுக்குக் குழை கட்டிய சைக்கிள்காரர் எல்லோரும் அந்த வீதியில்தான் இருக்கிறார்கள்.

வேறு நகரங்கள் இதைப் பேசத் தொடங்கிவிட்டன. 2024 பெப்ரவரியில் பாரிஸ் நகர மக்கள் வாக்களித்து, வெளியிலிருந்து வரும் கனமான கார்களுக்குத் தரிப்பிடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பள்ளிக்கூடம், சந்தை, கோயிலடிகளில் வேகத்தைக் குறைக்கும் மேடுகள்; காபெற் ஓரத்துப் பள்ளத்தை நிரவுதல்; பஸ்கள் போட்டிக்கு ஓடுவதைத் தடுத்தல்; ரிப்பர்கள் பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள் வராமல் பார்த்தல். பிரதேச சபைக் கூட்டத்திலும் வீதி அபிவிருத்தி பற்றிய கலந்துரையாடலிலும் ஊரவர்கள் கேட்கக்கூடிய விடயங்கள் இவை.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் புலம்பெயர்ந்த உறவுகள் வந்து பெரிய வான்களையும் ஜீப்புகளையும் வாடகைக்கு எடுத்து ஓடுவது வழக்கம். அப்போது முன்னால் மணிக்கு 45இல் ஒரு மொறிஸ் மைனர் போகக்கூடும். அது வழியை மறித்து விளையாடவில்லை. அதன் பிரேக்குக்கு ஏற்ற வேகத்தில் போகிறது. ஹோர்ன் அடித்து நெருக்காமல் ஒரு நிமிடம் பின்னால் வாருங்கள். நேர்ப்பாதை வந்ததும் அகல விலகி முந்துங்கள். பெரிய விளக்கைத் தாழ்த்துங்கள். அந்தக் காருக்கு விடும் அதே இடைவெளியை அதற்கு முன்னால் போகும் சைக்கிளுக்கும் விடுங்கள்.